எங்கள் பிள்ளைகளைப் பெரியவர்களாக்கியது எது?

‘வயதுக்கு மிஞ்சிய பொறுப்புள்ள பிள்ளை. தாய்க்குப் பெரும் உதவி. கவலைப்பட ஒன்றுமில்லை.’

2014ஆம் ஆண்டு முல்லைத்தீவு மாவட்டத்தின் மீள்குடியேறிய கிராமமொன்றில், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி நான் எழுதிய வீட்டுத் தரிசிப்பு அறிக்கையின் வரிகள் இவை. தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவர். தாய் கூலி வேலைக்குப் போகிறவர். அந்தப் பிள்ளைதான் விடிய எழும்பிப் பிட்டு அவித்து, தம்பிமார் இருவரையும் பாடசாலைக்கு வெளிக்கிடுத்தி, பிறகு தானும் போகும். நான் போனபோது பாய் விரித்து இருத்தி, தேத்தண்ணி ஊற்றித் தந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. சமூகவியல் படித்து முடித்து, களப்பணிக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத காலம் அது. நல்ல செய்தி எழுதக் கிடைத்ததே என்ற திருப்தியோடு அறிக்கையை மடித்து வைத்தேன்.

அந்த வரிகளை நினைத்து என்னை வெட்கப்பட வைத்தது ஒரு கவிதை. அதை நான் தனியே வாசித்து விளங்கிக்கொள்ளவில்லை. ஒரு மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து வாசித்தபோதுதான் எனக்கே விளங்கியது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கவிதையின் பெயர் ‘யுத்தகால இரவொன்றின் நெருக்குதல்’. எழுதியவர் சிவரமணி. 1968இல் பிறந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பில் இடம்பெற்ற பத்துப் பெண் கவிஞர்களில் அவரும் ஒருவர். 1991 மே மாதத்தில், இருபதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். தன் கையிலிருந்த கவிதைகளையும் எரித்துவிட்டார். தோழிகளிடமும் வேறிடங்களிலும் தப்பிக் கிடந்தவையே 1993இல் ‘சிவரமணி கவிதைகள்’ என்று நூலாக வந்தன. அவர் மறைந்த பிறகும் போர் 18 வருடங்கள் நீடித்தது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கவிதையின் முடிவுக்கு வரும்போது தேவைப்படும்.

2023இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பொதுநோக்கு மண்டபத்தில் சேமிப்புக் கூட்டம் முடிந்து, பதினான்கு பெண்கள் இருந்தார்கள். ‘இண்டைக்கு ஒரு கவிதை வாசிப்பமோ?’ என்று கேட்டேன். ‘கவிதையெல்லாம் படிச்ச ஆக்களுக்கு, மிஸ்’ என்று ஒரு அக்கா சிரித்தார். ‘இது உங்களைப் பற்றினது’ என்றேன். வாசித்தேன். பாடசாலையில் நாங்கள் மனப்பாடம் செய்த செய்யுள்களைப் போல அதில் எதுகை, மோனை, சந்தம் எதுவும் இல்லை. பேசுகிற மாதிரியே போகும். இரண்டு நிமிடத்தில் வாசித்து முடித்துவிடலாம். முடித்ததும் ஒருவரும் பேசவில்லை. இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்கள்.

கவிதையில் நடப்பது இதுதான். போர்க்கால இரவு குழந்தைகளைப் பெரியவர்களாக்கிவிடும் என்று முதலில் சொல்கிறார். காலையில் பிள்ளைகள் போகிற வழியில் அடையாளம் தெரியாத உடல்கள் கிடக்கின்றன. அவர்கள் சிரிக்கிற இடத்தில் சுவர்கள் இடிந்து விழுகின்றன. ஒரு இரவு, எங்கோ ஒரேயொரு வெடிச்சத்தம். அதோடு குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளெல்லாம் பொருளிழந்து போகின்றன. ஊமங்கொட்டையில் தேர் செய்யவும் கிளித்தட்டு விளையாடவும் பிள்ளைகள் மறக்கிறார்கள். அவற்றுக்குப் பதிலாக வேறு பாடங்கள் பழகுகிறார்கள். நேரத்துக்குப் படலையைப் பூட்டுவது, நாய் வேறு மாதிரிக் குரைத்தால் கண்டுகொள்வது, கேள்வி கேளாமல் இருப்பது, பதில் கிடைக்காவிட்டால் பேசாமல் விடுவது. பிறகு அவர்களின் விளையாட்டே மாறுகிறது. தும்பிக்குச் சிறகு பிடுங்குகிறார்கள். தடியைத் துவக்காக்கிக் கூட்டாளியைச் சுட்டு விழுத்துகிறார்கள். இப்படியே எங்கள் பிள்ளைகள் பெரியவர்களானார்கள் என்று கவிதை முடிகிறது.

‘இவ இயக்கத்தைப் பற்றியும் சொல்லேல்லை, ஆமியைப் பற்றியும் சொல்லேல்லை’ என்றார் ஒரு தங்கச்சி. உண்மைதான். போரைப் பற்றிய கவிதை, ஆனால் போர்க்களம் இல்லை. எந்தப் படையின் பெயரும் இல்லை, எதிரி யார் என்ற பேச்சும் இல்லை. இருப்பதெல்லாம் படலை, நாய், தும்பி, தடி. எங்கள் வளவுக்குள்ளே கிடக்கிற சாமான்கள். போர் என்றால் முன்னரங்கில் நடப்பது என்று பத்திரிகைகள் எழுதிய காலத்தில், அது எங்கள் முற்றத்தில்தான் நடக்கிறது என்று இந்தப் பிள்ளை எழுதியிருக்கிறார். பெண்கள் பார்க்கிற இடத்திலிருந்து எழுதினால் போர் இப்படித்தான் தெரியும்.

பெயர் சொல்லாததால் இன்னொரு நன்மையும் உண்டு என்பதை அன்று கண்டேன். எங்கள் வட்டத்தில் ஒரு முஸ்லிம் சகோதரியும் இருந்தார். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு ஒன்பது வயது. பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். பொதுவாகக் கூட்டங்களில் போரைப் பற்றிய கதை வந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். அன்று அவராகவே சொன்னார்: ‘வெளிக்கிடச் சொன்ன அண்டைக்கு நான் பொம்மையை எடுக்கேல்லை. தண்ணிப் போத்தலைத்தான் எடுத்தன். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அதை ஆர் சொல்லித் தந்தது?’

ஒருவரும் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். எதிரியின் பெயரைக் கவிதை எழுதியிருந்தால், அந்தச் சகோதரி அன்று வாய் திறந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

நான் பல்கலைக்கழகத்தில் படித்த பாடமொன்று அப்போது ஞாபகம் வந்தது. பிள்ளை சமூகத்தில் வாழப் பழகுவதைச் ‘சமூகமயமாதல்’ என்போம். குடும்பம், பாடசாலை, விளையாட்டு, கோயில் என்று பழக்குகிற இடங்களை வரிசையாக எழுதிப் பரீட்சையில் புள்ளி வாங்கியிருக்கிறேன். அந்த வரிசையில் போரும் ஒன்று என்று எனக்கு எழுதத் தோன்றவில்லை. சிவரமணி எழுதியிருக்கிறார். படலை பூட்டவும், நாயைக் கவனிக்கவும், கேளாதிருக்கவும், பேசாதிருக்கவும் என்று ‘உம்’ போட்டு அடுக்கிக்கொண்டு போகிறார். கடைக்குப் போகிற பிள்ளைக்கு அரிசியும் பருப்பும் உப்பும் என்று நாங்கள் சொல்லிவிடுவதைப் போலத்தான் இருக்கிறது அந்த அடுக்கு. அழுகை இல்லை, ஒப்பாரி இல்லை. சாதாரணமான குரலில் சொல்வதால்தான் அது மனதைக் குத்துகிறது. எவ்வளவு பயங்கரமான பாடத்தையும் பிள்ளைகள் அவ்வளவு சாதாரணமாகப் பழகிவிட்டார்கள் என்று அந்த ‘உம்’மே சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் முன்வரிசையில் இருந்த அக்கா ஒருவர் கோபத்தோடு எழும்பினார்.

‘மிஸ், நான் ஒண்டு கேக்கிறன். 2009இல மாத்தளனில நாங்கள் கிடந்த கிடை உங்களுக்குத் தெரியாது. அவருக்குக் காலில காயம். கடைக்குட்டி என்ர இடுப்பில. மூத்தவளுக்குப் பதினொரு வயசு. தண்ணிக்குப் போனதும் அவள்தான், கஞ்சிக்கு வரிசையில நிண்டதும் அவள்தான். ஷெல் கூவேக்க தம்பியை அமத்திப் பிடிச்சுக்கொண்டு பங்கருக்குள்ள படுத்ததும் அவள்தான். அவள் அண்டைக்குப் பெரியாளா மாறேல்லையெண்டால் எங்களில ஒருத்தரும் மிஞ்சியிருக்கமாட்டம். அதைப் பிழையெண்டு சொல்லுற கவிதை எனக்கு வேண்டாம்.’

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதும் சரி. நான் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தவள். அந்தத் தாயிடம் ‘உங்கள் பிள்ளை குழந்தைப் பருவத்தை இழந்துவிட்டாள்’ என்று புத்தகத்தில் படித்ததைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ‘இன்னொருக்கா வாசிச்சுப் பாப்பம் அக்கா’ என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் முறை வாசித்தபோது, அதுவரை என் கண்ணில் படாத ஒன்று பட்டது.

பாடசாலையில் தமிழ் ரீச்சர் தன்வினை, பிறவினை என்று படிப்பித்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ‘ஆகு’ என்றால் தன்வினை. ‘ஆக்கு’ என்றால் பிறவினை. சோறு ஆகிறது, அம்மா சோறு ஆக்குகிறார். கவிதையின் தொடக்கத்தில் வருவது ‘ஆக்கு’தல். அங்கே செய்கிறவர் பிள்ளைகள் அல்லர்; போர்க்கால இரவுதான் செய்கிறது. பிள்ளைகளுக்கு அது செய்யப்படுகிறது. கவிதையின் முடிவில் வருவது ‘ஆகு’தல். அங்கே இரவு பின்னுக்குப் போய்விடுகிறது; பிள்ளைகள் தாங்களாகவே பெரியவர்களானதுபோல வசனம் முடிகிறது.

இன்னும் இரண்டு மாற்றம் உண்டு. தொடக்கத்தில் இனி நடக்கப் போவதைச் சொல்லும் எதிர்காலம். முடிவில் நடந்து முடிந்த இறந்தகாலம். தொடக்கத்தில் ஒரேயொரு இரவு. முடிவில் பல இரவுகள். சின்னக் கவிதைக்குள் எவ்வளவு வருடம் ஓடிவிடுகிறது பாருங்கள். சிவரமணி எழுதிய நேரத்தில் அந்த இரவுகள் 2009 வரை நீளும் என்று யாருக்குத் தெரியும்? எச்சரிக்கையாகத் தொடங்கியதை, முடிந்துபோன காரியமாகவே முடித்து வைத்துவிட்டார்.

இதை அந்த அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். ‘கவிதை உங்கட மகளைக் குறை சொல்லேல்லை அக்கா. அவளைப் பெரியாளாக்கினது ஆர் எண்டுதான் முதல் வரியிலேயே சொல்லுது. நாங்கள்தான் கடைசி வரியை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம். பொறுப்பான பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை எண்டு புகழுறம். ஆக்கினது ஆர் எண்டதை மறந்துபோறம்.’

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: ‘அவளுக்கு இப்ப இருபத்தைஞ்சு. கலியாணமும் முடிச்சிட்டாள். இண்டைக்கும் வானத்தில முழங்கினால் முதல்ல தம்பி எங்கை எண்டுதான் பாக்கிறவள். அவனுக்கு மீசை முளைச்சிட்டுது. நான் ஒருநாளும் அவளிட்டை, உனக்கு அண்டைக்குப் பயமா இருந்ததோ எண்டு கேக்கேல்லை, மிஸ். அவள் பயந்தவள் எண்டே நான் நினைக்கேல்லை.’

கவிதைக்கு அதைவிட நல்ல விளக்கம் எந்தப் பேராசிரியரும் சொல்லமாட்டார். அந்தப் பிள்ளையின் தைரியம் பொய்யில்லை. அது ஒரு குடும்பத்தையே காப்பாற்றியது. ஆனால் பதினொரு வயதில் அது தேவைப்பட்டது அநியாயம். இரண்டையும் ஒன்றாகச் சொல்லலாம். ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை மறைக்கத் தேவையில்லை.

கவிதையில் எனக்கு மிகவும் கசப்பான இடம் விளையாட்டைப் பற்றியது. பிள்ளைகள் சுடுவது எதிரியை அல்ல, கூட்டாளியை. எதிரியென்று கற்பனை செய்துகொண்டு சுடுகிறார்கள். போர் வெளியிலிருந்து வந்து எங்களைத் தாக்கியதோடு நிற்கவில்லை, எங்களுக்குள்ளும் குடிவந்துவிட்டது என்று இந்த இடம் சொல்கிறது. தன் சமூகத்தைப் பார்த்தே அதைச் சொல்ல அந்தக் காலத்தில் எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! ஆனாலும் சொல்லும்போது ‘எங்கள்’ பிள்ளைகள் என்றுதான் சொல்கிறார். ஒதுங்கி நின்று குற்றம் சாட்டவில்லை. அவர் பெற்ற தாயுமல்லர். இருபது வயதை ஒட்டிய ஒரு மாணவி. இருந்தும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாயாக நின்று பேசுகிறார்.

‘இப்பிடி எழுதின பிள்ளை ஏன் அப்பிடிப் போனது?’ என்று ஒருவர் கேட்டார். எனக்கு அதற்கு விடை தெரியாது. விடை சொல்ல முயலவும் கூடாது. ஆனால் அந்தக் கேள்வியைத் தொட்டு அன்று நாங்கள் நிறையப் பேசினோம். மனம் தாங்காத நாட்கள் எங்களில் பலருக்கும் வந்திருக்கின்றன. அப்படியான நேரத்தில் யாரிடம் போவது என்று ஒருவருக்கொருவர் சொல்லிவைத்தோம். ஒருவரும் இல்லாவிட்டால் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926 இருக்கிறது என்று எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

சகோதரிகளே, போர் முடிந்ததோடு இந்தக் கவிதையும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நுண்கடன் காசு சேர்க்க ஆள் வருகிற நாளில், எங்கள் கிராமங்களில் படலைக்கு ஓடிப்போய் ‘அம்மா வீட்டில் இல்லை’ என்று சொல்வது யார்? எட்டு வயதுப் பிள்ளை. மோட்டார் சைக்கிள் சத்தத்திலேயே வருகிறவர் யாரென்று அது கண்டுபிடித்துவிடும். ‘அப்பா எங்கே?’ என்று கேட்டால் அம்மா அழுவார் என்று, கேளாமலே இருக்கப் பழகிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவை 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். ஒரு வெடிச்சத்தமும் கேட்டறியாதவர்கள். அவர்களையும் ஏதோவொன்று பெரியவர்களாக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

தாய்மாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தனியே குடும்பம் சுமக்கிற பெண்ணுக்குப் பிள்ளையின் உதவி தேவைதான். பிட்டு அவிக்கிற பிள்ளையைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பின்னேரத்தில் ஒரு மணித்தியாலமாவது விளையாட விடலாம். அது கேள்வி கேட்டால், பதில் தெரியாவிட்டாலும், ‘எனக்கும் தெரியாது பிள்ளை’ என்றாவது சொல்லலாம். ‘உனக்குப் பயமா இருந்ததோ?’ என்று கேட்கலாம். கேட்பதற்குக் காசு தேவையில்லை.

என் பங்குக்கு நான் செய்தது சின்ன விடயம். இப்போது வீட்டுத் தரிசிப்பு அறிக்கையில் ‘பொறுப்புள்ள பிள்ளை’ என்று எழுத நேர்ந்தால், அதோடு நிறுத்துவதில்லை. அந்தப் பொறுப்பு எதனால் வந்தது, யார் செய்யவேண்டிய வேலையை அந்தப் பிள்ளை செய்கிறது, அதைக் குறைக்க நாங்கள் என்ன செய்யலாம் என்று கீழே எழுதுகிறேன். 2014இல் ‘கவலைப்பட ஒன்றுமில்லை’ என்று எழுதிய அந்தப் பிள்ளையிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர்கள் அந்தக் கிராமத்தை விட்டுப் போய்விட்டார்கள்.

ஆனால் இன்னொருவரிடம் கேட்க முடிந்தது. 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்த நாள். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. நாவற்குழிப் பக்கம் மழைக்குள் சனத்தோடு சனமாக அடியடியாக நகர்ந்துகொண்டிருந்தோம். தம்பி ஏதோ கேட்டுக் கேட்டு நச்சரித்தான். அம்மா சோர்ந்துபோயிருந்தார். நான் அவனுடைய கையில் நறுக்கென்று கிள்ளி, ‘வாயைப் பொத்து’ என்றேன். அவன் பிறகு பேசவேயில்லை. பக்கத்தில் வந்த ஒரு ஆச்சி, ‘பெரிய மனுசி மாதிரிப் பிள்ளை’ என்று என்னைப் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியை எத்தனையோ வருடம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். அவன் என்ன கேட்டான் என்பது மட்டும் எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு அவனுக்குப் போன் எடுத்தேன். இப்போது கனடாவில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கேட்டேன். அவன் யோசிக்கவேயில்லை.

‘ஜிம்மிக்கு ஆர் சாப்பாடு வைப்பினம் எண்டு கேட்டனான், அக்கா’ என்றான்.

ஜிம்மி நாங்கள் படலையைச் சாத்திவிட்டு, வளவுக்குள் விட்டுவந்த நாய்.